லீனை எதில் தொடங்குவது? 5எஸ், கைசன் வாரம், தினக்கூட்டம், சிக்ஸ் சிக்மா: ஓர் ஒப்பீடு

ஓபியில் கூட்டம் கலைய மதியம் தாண்டுகிறது. காலை ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லப்பட்டவர் சாயங்காலம் வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார். லேபிலிருந்து "சாம்பிள் சரியில்லை, திரும்ப எடுத்து அனுப்புங்க" என்று போன் வருகிறது. வேலையில் வீணாவதைக் களையும் லீன் முறையைக் கொண்டுவருவது என்று நிர்வாகமும் முடிவு செய்துவிட்டது. அடுத்த கேள்வியில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்: எதில் தொடங்குவது? வார்டை ஒழுங்குபடுத்தும் 5எஸ்ஸிலா, பல பிரிவினர் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பாதையைத் திருத்தும் ஐந்து நாள் கைசன் வாரத்திலா, தினமும் கால் மணி நேரம் போர்டு முன்னால் கூடுவதிலா, மாதக்கணக்கில் ஓடும் சிக்ஸ் சிக்மா திட்டத்திலா?

நான்குமே உருப்படியான முறைகள்தான். ஆனால் ஒன்று தீர்க்கும் கோளாறை இன்னொன்று தீர்க்காது. பயிற்சி எடுத்தவருக்கு எது பழக்கமோ அதையே எல்லா வார்டுக்கும் மருந்தாகக் கொடுப்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

## அதற்கும் முன்னால் ஒரு கணக்கு

வீணாகும் நேரத்தை லீன் மீட்டுத் தரும். இல்லாத டாக்டரை உண்டாக்கித் தராது. அதனால் உங்கள் பிரச்சினை வீணடிப்பா, ஆள் பற்றாக்குறையா என்பதை முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஓபி நான்கு மணி நேரம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 240 நிமிடத்தில் இடைவேளை 15 போனால் மிச்சம் 225. வருகிறவர்கள் 75 பேர். வகுத்தால் 3 நிமிடத்துக்கு ஒருவர் முடிந்து வெளியேற வேண்டும். இதை டாக்ட் நேரம் என்பார்கள். டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சராசரியாக 6 நிமிடம் ஆகிறது என்றால் இரண்டு டாக்டர்கள் மூச்சுவிடாமல் பார்த்தால்தான் கணக்கு நேராகும். பதிவு கவுன்ட்டரில் ஆளுக்கு 2 நிமிடம் என்றால் ஒரு கவுன்ட்டர் போதும். அதன் பளு, அதாவது இருக்கும் நேரத்தில் வேலையில் கழியும் பங்கு, 67 சதவீதம்தான். இந்த நிலையில் கூடத்தின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு பதிவு கவுன்ட்டர் திறப்பது பணத்துக்கும் கேடு, பயனும் இல்லை. கூட்டம் ஓரிடத்திலிருந்து எழுந்து டாக்டர் அறை வாசலில் போய் உட்காரும், அவ்வளவுதான்.

பளு 100 சதவீதத்தைத் தொடாவிட்டாலும் நிம்மதி கிடையாது. வருகையும் பரிசோதனை நேரமும் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும் ஒரே வரிசை, ஒரே கவுன்ட்டர் என்ற எளிய மாதிரியில், பளு 80 சதவீதமானால் சராசரிக் காத்திருப்பு சேவை நேரத்தைப்போல் 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. "எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், ஆனாலும் கூட்டம் குறையவில்லை" என்ற புலம்பலுக்குப் பதில் இந்த வரியில் இருக்கிறது. எல்லாரும் இடைவிடாமல் வேலை பார்ப்பதால்தான் குறையவில்லை.

கணக்கு 100 சதவீதத்தைத் தாண்டினால், டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றில்லாதவர்களைத் தனி வரிசைக்கு மாற்றிப் பாருங்கள்: மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க வந்தவர், ரிப்போர்ட்டைக் காட்ட வந்தவர், கட்டு மாற்ற வந்தவர். அதன்பிறகும் தாண்டினால் ஆள் போட வேண்டும். அந்த இடத்தில் லீன் பேசுவது ஊழியர்களை எரிச்சல்படுத்துவதில்தான் முடியும்.

கணக்குக்கு வேண்டிய எண்களை எடுக்க மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு துண்டுச் சீட்டை 30 நோயாளிகளின் கையில் கொடுத்து, ஒவ்வொரு மேசையிலும் "வந்த நேரம், முடிந்த நேரம்" இரண்டை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். திங்கள்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் கூட்டம் வேறுபடும் என்பதால் ஒரே நாளில் 30 பேரையும் எடுக்காதீர்கள். எல்லா மேசைக்கும் ஒரே கடிகாரம் வேண்டும். சுவர்க் கடிகாரம் ஒன்று, கம்ப்யூட்டர் நேரம் ஒன்று என்றிருந்தால் சில நோயாளிகள் வருவதற்கு முன்பே முடிந்து போனதாகச் சீட்டு சொல்லும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் கோளாறின் வகை. மருத்துவமனையில் நேரம் நான்கு விதமாகத் தொலைகிறது. பொருளைத் தேடுவதில் போவது ஒன்று. கோப்பும் நோயாளியும் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடைவெளியில் போவது இரண்டு. பூட்டு சாவி காணோம், பிரிண்டர் ஓடவில்லை என்ற தினசரி சில்லறைத் தொல்லையில் போவது மூன்று. தவறாகச் செய்ததைத் திரும்பச் செய்வதில் போவது நான்கு. துண்டுச் சீட்டையும், ஒரு நர்ஸின் பின்னால் இரண்டு மணி நேரம் நடந்து எழுதிய குறிப்பையும் சேர்த்து வைத்தால் எது பெரியது என்று தெரிந்துவிடும்.

மற்ற அளவுகோல்கள்: எத்தனை பிரிவுகளைத் தாண்டிப் போகிறது, எத்தனை பேரை எவ்வளவு நேரம் டியூட்டியிலிருந்து விடுவிக்க முடியும், நம்பகமான எண் கையில் இருக்கிறதா, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் எவ்வளவு நேரம் வந்து நிற்பார், மூன்று மாதம் கழித்து அதைத் தாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள். இவற்றில் மிகக் கறாராகப் பார்க்க வேண்டியது அதிகாரியின் நேரம். பட்ஜெட் போதாமல் நின்ற லீன் முயற்சிகளைவிட, மேலிருப்பவர் இரண்டாம் மாதத்தில் வருவதை நிறுத்தியதால் நின்றவை அதிகம்.

## 5எஸ்: தேடும் நேரத்துக்கு

வேண்டாததைப் பிரித்து எடுப்பது, மிச்சத்துக்கு இடம் குறிப்பது, துடைத்துக்கொண்டே பழுது பார்ப்பது, அதை எல்லா ஷிஃப்டுக்கும் ஒரே விதியாக்குவது, விதி நழுவாமல் காப்பது. ஐந்தும் இவ்வளவே. நர்ஸ் ஸ்டேஷன், மருந்து அறை, அவசர ட்ராலி, ஆபரேஷன் தியேட்டர் ஸ்டோர் ஆகியவற்றில் பலன் உடனே கண்ணுக்குத் தெரியும். ஒரு வார்டுக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஷிஃப்டுக்கு இருவர் போதும்.

அவசர ட்ராலியைப் பாருங்கள். மேல் தட்டில் மூச்சுக்குழாய்க்கான பொருள்கள், அடுத்த தட்டில் மருந்துகள், அதன்கீழ் ஐவி பொருள்கள் என்று எல்லா வார்டிலும் ஒரே வரிசை. தட்டில் பொருளின் வடிவத்திலேயே வெட்டிய நுரைப் பஞ்சுப் பள்ளம், எது இல்லை என்பது காலிப் பள்ளமாகத் தெரியும். சரிபார்த்து முடித்ததும் எண் போட்ட பிளாஸ்டிக் சீல். சீல் உடையாமல், எண் பதிவேட்டோடு ஒத்துப்போனால் ஷிஃப்ட் மாறும்போது ட்ராலியைத் திறந்து எண்ண வேண்டியதில்லை. காலாவதி தேதியில் முதலில் முடியும் மருந்து எது என்பதைச் சீலின் பக்கத்திலேயே எழுதிவிட்டால் அதற்காகவும் திறக்க வேண்டாம்.

தப்பு நடக்கும் இடம் வேறு. அலமாரிகளைக் காலி செய்தால் நர்ஸ்கள் பதுக்கி வைத்த ஐவி செட்டும் கையுறையும் பெட்டி பெட்டியாக வெளியே வரும். "வீண் இருப்பு" என்று அதை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினால், அந்த வார இறுதியில் இரவு ஷிஃப்ட் மாட்டிக்கொள்ளும். அவர்கள் பதுக்கியது ஆசையால் அல்ல. ஸ்டோர் சொன்ன நாளில் தராததால். முதலில் வழங்கலைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு இரட்டைப் பெட்டி முறை நல்லது: முன்பெட்டி காலியானதும் அதன் அட்டை ஸ்டோருக்குப் போகும், சரக்கு வரும்வரை பின்பெட்டி தாங்க வேண்டும். பெட்டியின் அளவைச் சராசரியை வைத்துப் போடாதீர்கள். ஐவி செட் நாளுக்குச் சராசரி 20 போகிறது, நெருக்கடியான நாளில் 30 போகிறது, ஸ்டோர் இரண்டு நாளில் கொண்டுவருகிறது என்றால் பின்பெட்டியில் 60 இருக்க வேண்டும், 40 அல்ல. புதுச் சரக்கு வந்ததும் பின்னால் வைத்து, பழையதை முன்னால் இழுத்துவிட்டால் காலாவதிப் பிரச்சினையும் குறையும்.

5எஸ் ஒரு அறைக்குள் மட்டுமே வேலை செய்யும். டிஸ்சார்ஜ் தாமதத்துக்கு மேசையில் ஸ்டிக்கர் ஒட்டுவது தீர்வல்ல. ஸ்டேப்ளரைச் சுற்றிக்கூட மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள் என்றால், அங்கே 5எஸ் தணிக்கைக்காக நடக்கிறது என்று அர்த்தம்.

## கைசன் வாரம்: கைமாறும் இடத்துக்கு

ஒரு நோயாளியின் பயணம் நான்கைந்து பிரிவுகளைத் தொடுகிறது, எந்தப் பிரிவுத் தலைவரும் முழுப் பாதையையும் பார்த்ததில்லை என்றால் இதுதான் முறை. ஆறு முதல் எட்டு பேர், ஐந்து நாள், முழு நேரமும். முதல் நாள் பாதையை நடந்து பார்ப்பது. இரண்டாம் நாள் நேரம் அளந்து சுவரில் வரைபடம் ஒட்டுவது. மூன்றாம் நாள் மாற்றத்தை உண்மையான நோயாளிகளோடு செய்து பார்ப்பது. நான்காம் நாள் தோற்றதைத் திருத்துவது. ஐந்தாம் நாள் புதிய நடைமுறையை ஒரு பக்கத்தில் எழுதித் தலைமையிடம் காட்டுவது. பிறகு 30, 60, 90-ம் நாள்களில் திரும்ப அளப்பது.

டிஸ்சார்ஜ் பாதையை எடுத்துக்காட்டாக வரைந்தால் படம் ஏறக்குறைய இப்படித்தான் வரும். காலை 9:30-க்கு ரவுண்ட்ஸில் உத்தரவு. டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுத வேண்டிய ஜூனியர் டாக்டர் ரவுண்ட்ஸ் முழுவதும் முடிந்தபிறகே உட்காருவார்: 11:30. எழுத 15 நிமிடம். கேஸ் ஷீட்டுகள் ஐந்தாறு சேர்ந்ததும் அட்டெண்டர் மொத்தமாக பில்லிங்குக்குக் கொண்டுபோவார்: 12:45. திரும்பக் கொடுக்கும் மருந்துகளின் கணக்கு ஃபார்மசியிலிருந்து வராததால் பில் நிற்கும்: 2:00. பில் போட 10 நிமிடம். மருந்து விளக்கம், வழியனுப்புதல்: 3:00. மொத்தம் ஐந்தரை மணி நேரம். எல்லா மேசைகளிலும் கைவைத்துச் செய்த வேலை ஒரு மணி நேரத்தைத் தொடாது. மிச்சம் முழுக்கக் குவியலில் கிடந்த நேரம். சுருக்கத்தை முந்தைய நாள் மாலையே பாதி எழுதி வைப்பது, மருந்தை அன்று இரவே கணக்குப் பார்ப்பது, கேஸ் ஷீட்டைக் குவிக்காமல் ஒவ்வொன்றாக அனுப்புவது என்ற மூன்று மாற்றங்களை மூன்று பிரிவுத் தலைவர்கள் ஒரே அறையில் இருந்தால் அரை நாளில் ஒத்துக்கொள்வார்கள். சுற்றறிக்கையில் ஆறு மாதமானாலும் நடக்காது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள ஃபிளிண்டர்ஸ் மருத்துவ மையம் 2003-ல் தன் அவசரப் பிரிவில் இப்படிப் பாதையை வரைந்து பார்த்துத்தான், நோயாளிகளை "வீட்டுக்குத் திரும்பக்கூடியவர்", "உள்ளே சேர வேண்டியவர்" என்று இரு ஓட்டங்களாகப் பிரித்தது. உயிராபத்து உள்ளவர்களுக்கு எப்போதும்போல் முன்னுரிமை. மற்றவர்கள் தத்தம் ஓட்டத்தில் வந்த வரிசைப்படி. அதுவரை, அவசரம் குறைந்தவரை ஒவ்வொரு முறையும் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்ததால் வரிசையே ஒரு சிக்கலாகியிருந்தது. அந்தச் சிக்கல் எந்த ஒரு மேசையிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

செலவைக் குறைத்துச் சொல்கிறார்கள். எட்டுப் பேர் ஐந்து நாள் என்றால் 40 ஆள் நாள்கள். அதற்கு முன் நான்கு முதல் ஆறு வாரம் எல்லையை வகுக்கவும் எண் சேர்க்கவும் ஒருவருக்கு வேலை. டியூட்டியில் அவர்களுக்குப் பதில் ஆள். இதைக் கணக்கில் எடுக்காமல் தொடங்கினால் மூன்றாம் நாளே "வார்டில் ஆள் இல்லை" என்று இரண்டு நர்ஸ்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அதோடு முடிந்தது.

இன்னும் மூன்று இடங்களில் சறுக்கும். எல்லை பெரிதாக இருப்பது: "அவசரப் பிரிவை மேம்படுத்துதல்" ஒரு வாரத்தில் அடங்காது, "சேர்க்க முடிவானதிலிருந்து வார்டுக் கட்டில்வரை" அடங்கும். டாக்டர் ஐந்தாம் நாள் மட்டும் வந்து தலையாட்டுவது: அவர் உட்காராத திட்டத்தை அவர் பின்பற்ற மாட்டார். மாற்றங்களில் பாதி "மென்பொருளில் திருத்தம் வேண்டும்" என்று பட்டியலில் போவது: அந்தப் பட்டியலை யாரும் மறுபடி திறப்பதில்லை. காகிதத்தாலும் பேனாவாலும் வெள்ளிக்கிழமைக்குள் செய்ய முடியாத யோசனையை அந்த வாரத்துக்குள் விடாதீர்கள்.

## தினக்கூட்டம்: சில்லறைத் தொல்லைக்கு

ஷிஃப்ட் தொடக்கத்தில் போர்டு முன்னால் நின்றபடி 10 முதல் 15 நிமிடம். நேற்று என்ன இடறியது, இன்று எங்கே இடறும், யார் எதைப் பார்ப்பது. போர்டில் ஒரே ஒரு அளவு. உதாரணமாக, "11 மணிக்கு முன் காலியான கட்டில்கள்". பத்து வரைபடம் ஒட்டிய போர்டை யாரும் படிப்பதில்லை.

மாற்றத்தைத் திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற சிறு சுழலாகச் சோதிப்பது இதன் உயிர். முதல் சோதனை ஒரு நர்ஸ், ஒரு நோயாளி, ஒரு ஷிஃப்ட். தோற்றால் நஷ்டம் அரை மணி நேரம். சரிப்பட்டால் மூன்று பேரிடம், பிறகு முழு வார்டில். முன்னேற்றம் உண்மையா என்று பார்க்க, தினசரி எண்ணைக் கோடாக வரைந்து நடுவில் இடைநிலைக் கோடு (பாதிப் புள்ளிகள் மேலே, பாதி கீழே விழும் கோடு) போடுங்கள். அடுத்தடுத்து ஆறு புள்ளிகள் ஒரே பக்கம் விழுந்தால் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. ஒரு நல்ல நாளைப் பார்த்துவிட்டுக் கைதட்டக் கூடாது.

பணச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நேரச் செலவு ஒழிவதே இல்லை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வார்டால் தீர்க்க முடியாமல் மேலே அனுப்பிய தொல்லைக்கு மறுநாளுக்குள் ஒரு பதில் வர வேண்டும். "முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான். மூன்று முறை பதில் வராவிட்டால் நான்காவதை யாரும் எழுத மாட்டார்கள். போர்டு இருக்கும், கூட்டமும் நடக்கும், ஒன்றும் நகராது. இன்னொரு குறை: ஒரு வார்டின் வெற்றி அடுத்தவரின் தலைவலியாகலாம். எல்லா வார்டுகளும் காலை ரத்த மாதிரிகளை 6 மணிக்கே எடுத்து முடிக்கப் பழகினால் லேபில் 6:30-க்கு மலை குவியும்.

## சிக்ஸ் சிக்மா: தவறும் மாறுபாடும் தலைவலியானால்

1986-ல் மோட்டோரோலாவில் பிறந்தது. பத்து லட்சம் வாய்ப்பில் 3.4 பிழை என்பது அதன் கனவு அளவு. வரையறு, அள, பகுத்துப் பார், மேம்படுத்து, கட்டுப்படுத்து என்று ஐந்து படி. லீனோடு சேர்த்து "லீன் சிக்ஸ் சிக்மா" என்றும் நடத்துவார்கள். மூன்று முதல் ஆறு மாதம், புள்ளியியல் தெரிந்த ஒருவர், சுத்தமான தரவு மூன்றும் வேண்டும்.

காரணம் ஊகத்தில் பிடிபடாத இடத்தில் இது பொருந்தும். லேப் நிராகரிக்கும் ரத்த மாதிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு உடைந்துபோக மெல்லிய ஊசி, சிரிஞ்சை வேகமாக இழுப்பது, குழாயைக் குலுக்குவது, கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைப்பது, கேனுலா வழியாகவே ரத்தம் எடுப்பது என்று பல காரணம். எல்லாருக்கும் மறுபயிற்சி கொடுப்பதைவிட, நிராகரிப்புகளைப் பிரிவு, நேரம், எடுத்த விதம் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பங்கு ஓரிரு மூலைகளிலிருந்து வருவது தெரியும். மாற்றமும் அங்கே மட்டும் போதும்.

அரிதான தவறுகளில் இது திணறும். நூற்றுக்கு ஒன்றாக இருக்கும் தவறு பாதியாகக் குறைந்ததா என்று வழக்கமான புள்ளியியல் உறுதியோடு சொல்ல, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஏறத்தாழ 4,700 நிகழ்வுகள் வீதம் வேண்டும். சிறிய மருத்துவமனையில் அதற்குள் அதிகாரியே மாறிவிடுவார். அங்கே எண்ணிக் காத்திருக்காமல், தவறு நடக்கவே வழியில்லாதபடி இணைப்பானையோ படிவத்தையோ மாற்றுவது மேல்.

## ஒரே பார்வையில்

| | 5எஸ் | கைசன் வாரம் | தினக்கூட்டம் | சிக்ஸ் சிக்மா |
|---|---|---|---|---|
| தீர்ப்பது | தேடல், இருப்பு | பிரிவுகளுக்கு இடையே காத்திருப்பு | தினசரித் தடைகள் | தவறு, மாறுபாடு |
| எல்லை | ஒரு அறை, ஒரு வார்டு | 3 முதல் 5 பிரிவு | ஒரு வார்டு | ஒரு செயல், பல இடம் |
| முதல் பலன் | சில நாளில் | ஐந்தாம் நாள் | சில வாரத்தில் | 3 முதல் 6 மாதத்தில் |
| விடுவிக்க வேண்டிய ஆள் | குறைவு | 40 ஆள் நாள், தயாரிப்பு தனி | யாருமில்லை. தினமும் 15 நிமிடம் | ஒருவர் ஏறக்குறைய முழு நேரம் |
| தரவு | தேவையில்லை | 30 துண்டுச் சீட்டு | தினம் ஓர் எண் | நிறைய, நம்பகமாக |
| சாகும் விதம் | தணிக்கைச் சடங்காகி | 90 நாளில் பழையபடி | மேலிருந்து பதில் வராமல் | அறிக்கையோடு நின்று |

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

மிச்சமான நேரத்தை என்ன செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் முயற்சியில் மீந்த இரண்டு பேரைக் குறைத்துவிட்டால் இரண்டாம் முயற்சிக்கு யாரும் யோசனை தர மாட்டார்கள். சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவ மையம் 2002-ல் லீனைத் தொடங்கியபோது, இதனால் யாருக்கும் வேலை போகாது என்ற உறுதியையும் சேர்த்தே கொடுத்தது.

வெளி ஆலோசகர் தேவையா? முதல் கைசன் வாரத்தை நடத்திக்காட்ட ஒருவர் வந்தால் நல்லது. நூறு பிரிவில் ஒரே சமயத்தில் தொடங்க ஒப்பந்தம் போடுவது வேறு கதை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் 2012-ல் அப்படி மாகாணம் முழுக்கத் தொடங்கியது. செலவும் ஜப்பானியக் கலைச்சொல் மழையும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி, ஆலோசகர் ஒப்பந்தம் காலம் முடியும் முன்பே 2015-ல் நிறுத்தப்பட்டது. நர்ஸிடம் "கெம்பா" என்று சொல்லத் தேவையில்லை. "வேலை நடக்கிற இடம்" என்றாலே புரியும்.

எந்த முறையானாலும் எதிர் அளவு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். காத்திருப்பு குறைகிறது, ஆனால் 72 மணி நேரத்தில் அதே புகாரோடு திரும்புகிறவர்கள் கூடுகிறார்கள் என்றால், குறைந்தது வீண் நேரமல்ல, பரிசோதனை நேரம்.

## உங்கள் நிலையில் எது

முன் அனுபவம் இல்லாத இடம், அதிகாரி தினமும் 15 நிமிடம் வருவேன் என்கிறார், ஆனால் ஆளை விடுவிக்க முடியாது: ஒரே ஒரு வார்டில் தினக்கூட்டம். அந்தப் போர்டில் தேடல் தொல்லைகள் அதிகம் விழுந்தால் அந்த அறைக்கு மட்டும் 5எஸ். பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு நாங்கள் சொல்வது இந்த வரிசைதான். அதிகம் விற்கப்படுவது கைசன் வாரம் என்றாலும், தினக்கூட்டப் பழக்கம் இல்லாத வார்டில் அதன் பலன் தங்காது. பிடித்துக்கொள்ள அங்கே கை இல்லை.

போர்டில் ஒரே தடை வாரக்கணக்கில் நின்று, அது அடுத்த பிரிவின் வாசலில் இருக்கிறது, மூன்று தலைவர்களும் ஆள் தரச் சம்மதிக்கிறார்கள்: கைசன் வாரம் வையுங்கள்.

லேபோ தியேட்டரோ ஒரு வருடத் தரவைக் கையில் வைத்திருக்கிறது, தவறு போதிய எண்ணிக்கையில் நடக்கிறது, காரணத்தில்தான் சண்டை: சிக்ஸ் சிக்மா.

மேலதிகாரி இரண்டு மாதத்தில் மாறப்போகிறார், நோய்ப் பரவல் காலம், கால்வாசிப் பணியிடம் காலி: எதையும் தொடங்காமல் துண்டுச் சீட்டில் அளந்து வையுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் 90-ம் நாள் சோதனையைப் பகலில் வைக்காதீர்கள். இரவு 2 மணிக்கு, பயிற்சிக்கு வராத நர்ஸ் டியூட்டியில் இருக்கும்போது போய், "இந்த அட்டை எதுக்கு?" என்று அவரிடம் கேளுங்கள்.